பிடிச்சுதா, படிஞ்சுதா?

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு பரீட்சையில்தான் நூற்றுக்கு நூறு வாங்கியிருக்கிறேன். நிச்சயமாக பி.காம். படித்தபோது அல்ல. பாலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் கூட்டல் ஒத்துவந்தாலே பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிற ஆசாமி நான்.

நூறு வாங்கியது, சில வருடங்களுக்கு முன்னால் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில். கம்ப்யூட்டர் பாதுகாப்பு பற்றி ஆன்லைன் பயிற்சி. வெள்ளிக்கிழமைக்குள் முடிக்காவிட்டால் மேலதிகாரிக்கு மெயில் போகும் என்று முன்கூட்டியே மிரட்டல். மொத்தம் நாற்பது ஸ்லைடு. ஒவ்வொன்றிலும் ஓர் அம்மணி மூச்சுவிடாமல் பேசுவார். அவர் பேசி முடிக்கிறவரை 'நெக்ஸ்ட்' பட்டன் வேலை செய்யாது. என்ன செய்வேன்? சத்தத்தை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து ஒரு தட்டு. பக்கத்து சீட்டில் அரட்டை. மறுபடி ஒரு தட்டு. கடைசியில் பத்துக் கேள்வி. முதல் தடவை ஆறு சரி. தேறாவிட்டால் மறுபடி எழுதலாம். கேள்விகள் அதே பத்துதான். மூன்றாவது தடவையில் நூற்றுக்கு நூறு!

உடனே இன்னொரு படிவம் வந்து நின்றது. 'இந்தப் பயிற்சி உங்களுக்கு எப்படி இருந்தது?' கீழே ஐந்து நட்சத்திரம். ஐந்தையும் கொடுத்தேன். பெருந்தன்மை எல்லாம் இல்லை. நட்சத்திரம் குறைந்தால் 'ஏன் பிடிக்கவில்லை?' என்று ஒரு பெட்டி திறக்கும். அதில் காரணம் எழுதவேண்டும். யாரால் ஆகும்?

ஆறு வாரம் போயிருக்கும். 'உங்கள் சம்பள உயர்வு விவரம்' என்று ஒரு மெயில் வந்தது. ஆசை யாரை விட்டது? திறந்தேன், அழுத்தினேன். ஊழியர்களைச் சோதிக்க எங்கள் ஆபீசே வைத்திருந்த பொறி அது. மாட்டிக்கொண்டேன்.

கூப்பிட்டு அனுப்பிய அதிகாரியின் கையில் இரண்டு தாள்கள். ஒன்று என் மார்க் ஷீட். இன்னொன்று நான் போட்ட நட்சத்திரங்கள்.

"என்ன சார் இது? நூறு மார்க் வாங்கியிருக்கீங்க. பயிற்சி பிரமாதம்னு அஞ்சு ஸ்டார் வேற குடுத்திருக்கீங்க. அப்புறம் எப்படி சார்?"

வாயைத் திறக்க முடியவில்லை. எனக்கு எதிரான சாட்சி நானேதான்.

படிக்கிறவனைப் பார்த்து 'எப்படி இருந்தது?' என்று கேட்கிற இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? அவன் சொல்கிற பதிலை வைத்துக்கொண்டு யார் என்ன செய்கிறார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போய்த் தேடிப் பார்த்தேன். தேடல் கடைசியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் வாசலில் போய் நின்றது.

*

1869, செப்டம்பர் 6. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அவாண்டேல் சுரங்கம். உள்ளே போக ஒரே ஒரு வழி. வெளியே வரவும் அதே வழிதான். அந்த வழிக்கு நேர் மேலே, மரத்தால் கட்டிய நிலக்கரி உடைக்கும் கூடம். அதில் தீப்பிடித்துக்கொண்டது. பூமிக்குள்ளே வேலை பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு வேறு வாசலே இல்லை. மொத்தம் 110 பேர் செத்துப்போனார்கள். அதில் இரண்டு பேர், மற்றவர்களைக் காப்பாற்றுவதற்காக உள்ளே இறங்கியவர்கள்.

அடுத்த வருடமே சட்டம் வந்தது. சுரங்கத்துக்கு இரண்டு வழி வேண்டும் என்றார்கள். ஆனால் இரண்டு வழி வைத்தால் மட்டும் போதுமா? மீத்தேன் வாயு வழி பார்த்தா வருகிறது? அது காற்றைவிட லேசானது. சுரங்கத்தின் கூரையை ஒட்டி ஓசைப்படாமல் சேர்ந்துகொண்டே இருக்கும். காற்றில் நூற்றுக்கு ஐந்து பங்கைத் தாண்டிவிட்டால் ஒரு பொறி போதும், முடிந்தது கதை.

அதைக் கண்டுபிடிக்க அன்றைக்கு இருந்த கருவி, ஒரு விளக்கு. கம்பி வலை போட்ட பாதுகாப்பு விளக்கு. திரியை இறக்கி, சுடரைச் சின்னதாக்கி, விளக்கை மெல்ல மெல்லக் கூரைப்பக்கம் உயர்த்தவேண்டும். வாயு இருந்தால் சுடரின் தலையில் வெளிர் நீலத்தில் ஒரு குல்லாய் தெரியும். குல்லாயின் உயரத்தை வைத்து வாயு எவ்வளவு என்று சொல்லிவிடலாம். பார்க்கத் தெரிந்தவனுக்கு அது எச்சரிக்கை. தெரியாதவனுக்கு வெறும் விளக்கு.

தெரிந்தவர்கள்தான் மேஸ்திரியாக இருக்கவேண்டும் என்று 1885இல் பென்சில்வேனியா இன்னொரு சட்டம் போட்டது. பரீட்சை எழுதித் தேறினால்தான் சுரங்க மேஸ்திரி.

நல்ல சட்டம்தான். ஆனால் யார் எழுதுவது? பத்து வயதில் சுரங்கத்துக்கு வந்தவன் பள்ளிக்கூடத்தை எங்கே கண்டான்? கைக்கு அனுபவம் உண்டு. கணக்குத் தெரியாது. வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

இந்த இடத்தில்தான் நம்ம ஆள் ஒருவர் உள்ளே நுழைகிறார். நம்ம ஆள் என்றால், பத்திரிகைக்காரர்.

*

பெயர் தாமஸ் ஃபாஸ்டர். சுரங்கத் தொழிலாளர்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். பத்திரிகையில் ஒரு கேள்வி பதில் பகுதி ஆரம்பித்தார். சினிமாக் கேள்விகள் அல்ல. வாயு, காற்றோட்டம், பம்பு, வெடிமருந்து. சும்மா சொல்லக்கூடாது, கேள்விகள் வந்து குவிந்தன. எழுதியவர்கள் எல்லாம் மேஸ்திரிப் பரீட்சை எழுத ஆசைப்பட்ட தொழிலாளிகள்.

ஃபாஸ்டருக்கு ஒரு யோசனை. துண்டு துண்டாகப் பதில் சொல்வதைவிட, முழுப் பாடத்தையே தபாலில் அனுப்பினால் என்ன? எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று 1891இல் ஆரம்பித்தார். ஊர், ஸ்க்ரான்டன். பின்னாளில் அதற்கு இன்டர்நேஷனல் கரஸ்பாண்டன்ஸ் ஸ்கூல்ஸ் என்று பெயர். பாடம் தபாலில் வரும். படித்துப் பதில் எழுதி அனுப்பினால், திருத்தித் திரும்ப அனுப்புவார்கள். நம் ஊரில் அஞ்சல் வழியில் டிகிரி வாங்கியவர்களுக்கு இந்த நடைமுறை பழக்கமானதுதான்.

இன்றைய ஆன்லைன் பயிற்சியின் தாத்தா என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். வேலையை விடாமல் படிக்கலாம், நேரம் கிடைக்கும்போது படிக்கலாம், உன் வேகத்தில் படிக்கலாம். இன்றைக்கும் இதே மூன்றைத்தானே விளம்பரம் செய்கிறார்கள்?

1906க்குள் ஏறக்குறைய ஒன்பது லட்சம் பேர் சேர்ந்துவிட்டார்கள். சுரங்கம் போய், ரயில்வே, மின்சாரம், வரைபடம் என்று பாடங்கள் பெருகின. பின்னாளில் தன் பெயரிலேயே கார் கம்பெனி ஆரம்பித்த வால்டர் கிரைஸ்லர், ரயில்வே பட்டறையில் மெக்கானிக்காக இருந்தபோது இங்கே தபாலில் படித்தவர்தான்.

வெற்றி. அமோக வெற்றி. இல்லையா?

ஒரு நிமிடம். சேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்பது ஒரு கணக்கு. முடித்தவர்கள் எத்தனை பேர் என்பது வேறு கணக்கு. ஜான் நாஃப்சிங்கர் என்பவர் அமெரிக்கத் தபால் பள்ளிகளை ஆராய்ந்து 1926இல் ஒரு புத்தகம் எழுதினார். அதைப் பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சேர்ந்தவர்களில் பாடத்தை முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை!

இங்கே என் பி.காம். மூளை கொஞ்சம் வேலை செய்கிறது. தபால் பள்ளி பணத்தை வாங்குவது மாணவன் சேரும்போது. செலவு எப்போது? அவன் விடைத்தாள் அனுப்ப அனுப்ப. திருத்த ஆள், தபால் செலவு, அடுத்த பாடம். ஒருவன் பாதியில் நின்றுவிட்டால்? வரவு வந்தாகிவிட்டது. செலவு நின்றுவிட்டது. எல்லா மாணவர்களும் ஒழுங்காகப் படித்து முடித்திருந்தால் பல பள்ளிகள் திவாலாகியிருக்கும்! இப்படிப்பட்ட வியாபாரத்தில், 'ஏம்ப்பா பாதியில விட்டுட்ட?' என்று மாணவனைத் தேடிப்போய்க் கேட்க யாருக்கு அக்கறை இருக்கும்?

யாரும் கேட்கவில்லை.

*

கேட்டுத்தான் ஆகவேண்டும் என்ற கட்டாயத்தை உண்டாக்கியது, ஒரு யுத்தம்.

1940. ஐரோப்பா பற்றி எரிந்துகொண்டிருந்தது. அமெரிக்கா ஆயுதம் செய்தாகவேண்டும். தொழில் தெரிந்தவர்கள் போதவில்லை. தொலைநோக்கிக்கும் குறிபார்க்கும் கருவிக்கும் லென்ஸ் தேய்க்க ஒருவனைத் தயார்செய்ய ஐந்து வருடம் ஆகும் என்றார்கள். ஹிட்லர் அதுவரை காத்திருப்பாரா? தொழிற்சாலைக்குள் பயிற்சி கொடுப்பதற்கென்று அரசாங்கம் ஓர் அமைப்பை ஆரம்பித்தது. சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. என்பார்கள்.

இவர்கள் சூப்பர்வைசர்களுக்கு ஒரு வகுப்பு எடுத்தார்கள். மொத்தமே பத்து மணி நேரம்தான். அதன் ஆரம்பக் காட்சி பிரமாதமானது. பயிற்சியாளர் ஒருவரை முன்னால் கூப்பிடுவார். மின்சார ஒயரில் போடுகிற ஒரு முடிச்சை எப்படிப் போடுவது என்று வாயாலேயே விளக்குவார். இடது பக்க ஒயரை இப்படி, வலது பக்கத்தை அப்படி. 'எங்கே, நீங்க போடுங்க?' அவரால் முடியாது. இன்னொருவரைக் கூப்பிடுவார். இந்தத் தடவை பேச்சே கிடையாது, செய்து மட்டும் காட்டுவார். 'இப்ப நீங்க போடுங்க?' அவராலும் முடியாது.

அப்புறம்தான் சரியான முறை வரும். நான்கு படிகள். முதலில் அவனுடைய பதற்றத்தைப் போக்கி, ஏற்கெனவே என்ன தெரியும் என்று விசாரி. அடுத்தது, செய்துகாட்டிச் சொல்லிக்கொடு. மூன்றாவது, அவனையே செய்யச்சொல், செய்துகொண்டே எதற்குச் செய்கிறான் என்று விளக்கவும் சொல். நான்காவது, வேலையில் விட்டபிறகு அடிக்கடி போய்ப் பார். இதில் எங்கேயாவது 'பயிற்சி பிடிச்சுதா?' என்ற கேள்வி இருக்கிறதா? இல்லை. 'செஞ்சு காட்டு' என்பதுதான் இருக்கிறது. கற்றுக்கொள்கிறவன் வாயைத் திறந்து விளக்கும்போது, அவனுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று பளிச்சென்று தெரிந்துவிடும்.

அவர்கள் கொடுத்த சின்ன அட்டையில் ஒரு கொள்கையும் உண்டு. தொழிலாளி கற்றுக்கொள்ளவில்லை என்றால், தப்பு அவனுடையது அல்ல. சொல்லிக்கொடுத்தவர் சொல்லிக்கொடுக்கவே இல்லை என்று அர்த்தம்.

யுத்தம் முடிவதற்குள் 16,500க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் 16 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் இந்தப் பயிற்சிகளை முடித்தார்கள். லென்ஸ் தேய்ப்பவனை உருவாக்க ஐந்து வருடம் என்பது சில மாதங்களாகச் சுருங்கியது. அப்புறம்? யுத்தம் முடிந்தது, 1945இல் அமெரிக்கா கடையைக் கட்டிவிட்டது. ஜப்பான்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். டொயோட்டா இன்றுவரை அதன் வாரிசு.

*

இனி நம் நட்சத்திரங்களின் கதை.

டொனால்ட் கிர்க்பாட்ரிக். விஸ்கான்சின் பல்கலைக்கழகக்காரர். சூப்பர்வைசர்களுக்குக் கொடுக்கிற பயிற்சி பலன் தருகிறதா என்று ஆராய்ந்து 1954இல் டாக்டர் பட்டம் வாங்கினார். 1959இல், பயிற்சியாளர்களுக்கான ஒரு பத்திரிகையில் தொடர் கட்டுரை எழுத ஆரம்பித்தார். பயிற்சியை அளக்க நாலு கேள்வி கேளுங்கள் என்றார்.

ஒன்று, பிடித்திருந்ததா? இரண்டு, கற்றுக்கொண்டார்களா? மூன்று, வேலைக்குத் திரும்பியபின் நடத்தை மாறியதா? நான்கு, அதனால் நிறுவனத்துக்கு என்ன பலன்?

அற்புதமான ஏணி. ஆனால் என்ன ஆயிற்று? முதல் படியில் ஏறியவர்கள் அங்கேயே துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியதுதான். முதல் கேள்விக்கு ஒரு தாளும் பேனாவும் போதும். வகுப்பு முடிந்து ஆள் கிளம்புவதற்குள் வாங்கிவிடலாம். மூன்றாவது கேள்விக்கு? மூன்று மாதம் கழித்து அவர் வேலை செய்கிற இடத்துக்குப் போகவேண்டும். பார்க்கவேண்டும். விசாரிக்கவேண்டும். செலவு, நேரம், தலைவலி. போதாக்குறைக்கு, பயிற்சி வீண் என்று தெரிந்துவிடுகிற அபாயம் வேறு!

அந்த முதல் தாளுக்குப் பயிற்சியாளர்களே 'சிரிப்புத் தாள்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தால் தாளும் சிரிக்கும்.

இதற்கிடையே இயந்திரங்களும் வந்துகொண்டிருந்தன. பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டு, உடனுக்குடன் விடை சொல்கிற கற்பிக்கும் இயந்திரத்தை 1950களில் ஸ்கின்னர் பிரபலமாக்கினார். 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கம்ப்யூட்டர் பாட அமைப்பு தொடங்கியது. ஐ.பி.எம். இந்தத் துண்டுப் பாட முறையில் புத்தகங்கள் தயாரித்துத் தன் ஊழியர்களுக்கே கொடுத்துப் பார்த்தது. வகுப்பில் படித்தவர்களைவிடக் குறைந்த நேரத்தில் முடித்து, அதிக மார்க்கும் வாங்கினார்கள் என்று 1961இல் வெளியான ஆய்வு சொன்னது. ஆக, ஆசிரியர் எதிரே இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாது என்பதெல்லாம் கிடையாது. ஒழுங்காகச் செய்தால் முடியும்.

ஒழுங்காகச் செய்தால்!

1999இல் சிஸ்கோ கம்பெனியின் தலைவர் ஜான் சேம்பர்ஸ், இன்டர்நெட்டில் படிப்பு வரப்போகிற வேகத்தைப் பார்த்தால் மெயில் எல்லாம் தம்மாத்துண்டு சமாசாரமாகிவிடும் என்கிற அர்த்தத்தில் பேசினார். கம்பெனிகள் பாய்ந்து வந்தன. பயணச் செலவு மிச்சம், ஓட்டல் செலவு மிச்சம், ஹால் வாடகை மிச்சம். தயாரித்த பாடம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஓடவேண்டுமே? அதற்கும் ஒரு பொது இலக்கணம் வகுத்தார்கள். அமெரிக்க ராணுவத் துறையின் முயற்சியில் பிறந்த அதன் பெயர், ஸ்கார்ம்.

2001இல் வந்து உலகமெங்கும் பரவிய அதன் பதிப்பில், படிக்கிறவரைப் பற்றிக் குறித்துக்கொள்ள ஆறு வார்த்தைகள் இருந்தன. தேறினார், தேறவில்லை, முடித்தார், முடிக்கவில்லை, புரட்டிப் பார்த்தார், தொடவே இல்லை. இவை தவிர மார்க், எடுத்துக்கொண்ட நேரம், இப்படிச் சில விவரங்கள். அவ்வளவுதான். 'டீ குடிக்கப் போனார்' என்று குறித்துக்கொள்ள இடமே இல்லை. 'புரியவில்லை, ஆனால் கேட்க ஆள் இல்லை' என்பதற்கும் இல்லை.

*

இன்னொரு திருப்பமும் அதே காலத்தில்தான் நடந்தது. 1998இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வேலை இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லை தொடர்பான இரண்டு வழக்குகளில் தீர்ப்புச் சொன்னது. தொல்லையைத் தடுக்கத் தக்க நடவடிக்கை எடுத்ததாகக் காட்டமுடிந்தால், சில சூழ்நிலைகளில் நிறுவனம் அதைத் தன் தரப்பு வாதமாக வைக்கலாம் என்றது. வக்கீல்கள் சும்மா இருப்பார்களா? 'எல்லோருக்கும் பயிற்சி கொடுங்கள், கொடுத்ததற்கு ரிக்கார்டு வைத்துக்கொள்ளுங்கள்' என்றார்கள். 2004இல் கலிஃபோர்னியா ஒரு சட்டமே போட்டது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ இருந்தால், மேற்பார்வையாளர்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மணி நேரப் பயிற்சி.

எண்ணம் உயர்ந்தது. ஆனால் 'இரண்டு மணி நேரம்' என்று சட்டம் சொன்னதும் கடிகாரம் வாத்தியாராகிவிட்டது. பயிற்சி என்பது ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்கிற விஷயம் மட்டுமல்ல, முதலாளிக்கு ரசீது என்றும் ஆகிவிட்டது. 'நாங்க சொல்லிக்கொடுத்தாச்சு. அவர்தான் மீறிட்டார்.' இரண்டாம் உலகப் போர்க்கால அட்டையில் இருந்த கொள்கை அப்படியே தலைகீழ்!

என் கதையில் அந்த அதிகாரி கையில் வைத்திருந்ததும் ஒரு ரசீதுதான். என் நூறு மார்க்குக்கும் ஐந்து நட்சத்திரத்துக்கும் வேறு என்ன உபயோகம்?

*

சரி, நட்சத்திரத்துக்கும் கற்றதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா? ஆராய்ச்சியாளர்கள் விடவில்லை.

1997இல் ஜார்ஜ் அல்லிகரும் அவருடைய சகாக்களும், அதுவரை வந்திருந்த 34 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். 'பயிற்சி பிடித்திருந்தது' என்று சொன்னதற்கும் உண்மையில் கற்றுக்கொண்டதற்கும் கிட்டத்தட்ட ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் 'இது என் வேலைக்கு உதவும்' என்று சொன்னவர்கள் விஷயம் வேறு. அந்தப் பதிலுக்கும் கற்றதற்கும், வேலையில் பயன்படுத்தியதற்கும் ஓரளவு தொடர்பு இருந்தது. பாருங்கள், அதே ஆள்தான். கேள்வியை மாற்றியதும் பதிலுக்கு மதிப்பு வந்துவிட்டது.

2006இல் ட்ரேசி சிட்ஸ்மன் குழு, இன்டர்நெட் பயிற்சியையும் வகுப்பறையையும் ஒப்பிட்ட 96 ஆய்வுகளைத் திரட்டியது. மொத்தம் 19,331 பேர். தகவல் அறிவில் இன்டர்நெட் கொஞ்சம் முன்னே. செய்முறைத் திறமையில் இரண்டும் சமம். திருப்தியிலும் சமம். சொல்லிக்கொடுக்கும் முறை ஒன்றாக இருந்தால் அந்தக் கொஞ்ச வித்தியாசமும் காணாமல் போய்விடுகிறது. அதாவது, வண்டி முக்கியமில்லை. வண்டியில் வருகிற சரக்குதான் முக்கியம். பயிற்சி செய்து பார்க்க வாய்ப்பும், தப்பைத் திருத்த ஆளும் இருந்தால் கம்ப்யூட்டரும் நல்ல வாத்தியார்தான்.

2019இல் ஹார்வர்டில் நடந்த ஒரு சோதனை இன்னும் சுவாரசியம். இயற்பியல் மாணவர்களில் ஒரு பாதிக்கு அழகான, சரளமான லெக்சர். இன்னொரு பாதிக்கு, தாங்களே கணக்குப் போட்டுத் திணறி, கலந்து பேசிக் கற்கிற வகுப்பு. அடுத்த பாடத்துக்கு இடம் மாற்றிவிட்டார்கள். திணறியபோதுதான் அதிகம் கற்றுக்கொண்டார்கள். ஆனால், 'எப்போது அதிகம் கற்றீர்கள்?' என்று கேட்டபோது லெக்சர் பக்கம்தான் கை காட்டினார்கள். மூளை வலித்தால் கற்கவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். ஜிம்மில் மட்டும் உடம்பு வலித்தால் சந்தோஷப்படுகிறோம்!

அதே 2019இல் எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் நடத்திய இலவச ஆன்லைன் பாடங்களைப் பற்றி ஒரு கணக்கு வெளியானது. 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள், 3.13 சதவிகிதம். ஃபாஸ்டர் காலத்துத் தபால் மாணவன் ஞாபகம் வருகிறதா? தபால்காரர் போய் ஃபைபர் கேபிள் வந்துவிட்டது. நூற்றுக்கு மூன்று மட்டும் மாறவில்லை. ஆனால் இன்னொரு எண்ணையும் சொல்லவேண்டும். சான்றிதழுக்குப் பணம் கட்டித் தீவிரமாகச் சேர்ந்தவர்களில் 46 சதவிகிதம் பேர் முடித்தார்கள். சும்மா எட்டிப் பார்க்க வந்தவரையும் படிக்க வந்தவரையும் ஒரே தராசில் போடக்கூடாது. அதற்கும் படிக்கிறவரிடம்தான் கேட்கவேண்டும்: 'நீங்க எதுக்கு வந்தீங்க?'

*

ஆக, படிக்கிறவர் சொல்வதை நம்பக்கூடாது என்றா சொல்கிறேன்? இல்லவே இல்லை. அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு வேறெதையோ கேட்கிறோம் என்கிறேன்.

பயிற்சியில் கற்றது வேலையில் ஏன் காணாமல் போகிறது என்பதை பால்ட்வின், ஃபோர்டு என்ற இருவர் 1988இல் அலசினார்கள். படிக்கிறவரின் திறமை, பயிற்சியின் தரம் இரண்டோடு, மூன்றாவதாக அவர்கள் வைத்தது வேலை இடம். கற்றதைச் செய்துபார்க்க அங்கே வாய்ப்பு உண்டா? மேலதிகாரி ஆதரவு தருகிறாரா? புது முறையில் செய்தால், 'அதெல்லாம் கிளாஸோட வெச்சுக்க, இங்க சீக்கிரம் முடி' என்று அதட்டுகிறாரா? இது எந்தக் கம்ப்யூட்டருக்குத் தெரியும்? ஊழியருக்குத்தான் தெரியும்.

வில் தால்ஹைமர் என்ற அமெரிக்க ஆலோசகர் சிரிப்புத் தாளையே சீர்திருத்த 2016இல் ஒரு புத்தகம் போட்டார். நட்சத்திரத்தைத் தூக்கிப் போடுங்கள் என்பது அவர் கட்சி. உங்களால் இப்போது இந்த வேலையைச் செய்யமுடியுமா, ஒருவர் உதவியோடுதான் முடியுமா, இன்னும் குழப்பமா என்று தெளிவான வாக்கியங்களாகக் கொடுத்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள் என்கிறார். 'குழப்பம்தான்' என்று ஊழியர் டிக் அடித்தால் அது அவருக்கு அவமானமில்லை. சொல்லிக்கொடுத்தவருக்குத்தான் செய்தி.

2020இல் கொரோனா வந்து எல்லோரையும் வீட்டில் உட்காரவைத்தபோது, பாதி உலகம் திரை வழியாகத்தான் வேலை கற்றுக்கொண்டது. பாங்க் கிளார்க் முதல் நர்ஸ் வரை. அதனால் இது ஏதோ கம்ப்யூட்டர் கம்பெனிகளின் தலைவலி என்று ஒதுக்கமுடியாது. உங்களுக்கு ஊசி போடுகிறவர் புது மெஷினைத் திரையில் பார்த்துக் கற்றவராக இருக்கலாம். அவர் எத்தனை நட்சத்திரம் போட்டார் என்பதா உங்களுக்கு முக்கியம்?

மறுபடி அந்தச் சுரங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். இருட்டு. தலைக்கு மேலே கூரை. மேஸ்திரி கையில் விளக்கு. அவருடைய சட்டைப் பையில் இருக்கிற சான்றிதழை மீத்தேன் படித்துப் பார்ப்பதில்லை. பாடம் சுவையாக இருந்ததா என்றும் அது கேட்பதில்லை. சுடரின் தலையில் அந்த நீலக் குல்லாயை அவர் கண்டுகொள்கிறாரா, இல்லையா? பின்னால் வருகிற அத்தனை பேரின் உயிரும் அதில்தான் இருக்கிறது.

போன மாதம் வேறு ஓர் ஆன்லைன் பயிற்சி. வழக்கம்போல நட்சத்திரங்கள் வந்து கண்சிமிட்டின. இந்தத் தடவை இரண்டே இரண்டு போட்டேன். பெட்டி திறந்தது. 'எட்டாவது பகுதி புரியவில்லை. யாரைக் கேட்பது?' என்று எழுதினேன். மறுநாள் ஒரு பெண் போனில் கூப்பிட்டார். அவருக்கே ஆச்சரியம். "சார், இந்தப் பெட்டியில எழுதின முதல் ஆள் நீங்கதான்" என்றார். பத்து நிமிடத்தில் புரியவைத்துவிட்டார்.

அன்றைக்கு அந்த அதிகாரியின் முன்னால் வாயடைத்து நின்றேன் இல்லையா? நான் சோம்பேறித்தனமாகப் பொய் நட்சத்திரம் போட்டது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்குச் சொல்ல என்னிடமும் இப்போது ஒரு பதில் இருக்கிறது.

"சார், பிடிச்சுதான்னு கேட்டீங்க. சொன்னேன். படிஞ்சுதான்னு நீங்க கேக்கவே இல்லியே!"